வராத ஆய்வுக்குழுவும் பாக்கியத்தின் அடுப்பும்

புதிதாகப் பணியில் சேர்ந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். "கொஞ்சம் பார்த்து எழுதுங்க மேடம்" என்றும் சொன்னார்கள். ஓய்வு பெற்றவளிடம் பார்த்து எழுதச் சொல்வது வீண். என்ன எழுதினாலும் இனி என்னை எங்கேயும் மாற்றல் செய்ய முடியாது. குன்னூரில் என் வீட்டுக் கூடத்திலிருந்து சமையலறைக்கு வேண்டுமானால் மாற்றலாம். அதையும் என் கணவர் பலமுறை முயன்று பார்த்துக் கைவிட்டுவிட்டார்.

காற்றை அளக்கும் கருவிகளைப் பற்றி இதில் ஒன்றும் இருக்காது. அவற்றை என்னைவிட நீங்கள் நன்றாக இயக்குவீர்கள். நான் சொல்லப்போவது ஒரு டீக்கடை அடுப்பைப் பற்றி. மூன்று மாநிலங்கள் சேர்ந்து ஒரே மனதாக எடுத்த முதல் முடிவு அந்த அடுப்பை அணைப்பது என்பதுதான். அதை அணையாமல் பார்த்துக்கொள்வது என் வேலையாகப் போயிற்று.

நடுவட்டத்தைத் தாண்டிக் கூடலூர்ப் பக்கம் இறங்கும்போது, ஒரு வளைவில் மலை சட்டென்று விலகிக் கீழே காடு முழுதும் தெரியும். நம்முடைய சரணாலயமும், கேரளத்துக் காடும், கர்நாடகத்துக் காடும் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. யானைகள் எல்லையைப் பார்ப்பதில்லை, எங்களைப் போன்ற அதிகாரிகள் எல்லையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. மாசி பிறந்ததும் அந்தப் பள்ளத்தாக்கின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் வந்து படுத்துக்கொள்ளும். கோடை மழை வந்து துரத்தும் வரை எழுந்திருக்காது. சுற்றுலா வந்தவர்கள் அதைப் பனி என்று நினைத்து, புது மனைவியின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பின்னால் தெரிவது யாரோ எரித்த குப்பை என்று சொல்லி அந்தச் சந்தோஷத்தை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை.

அது எங்கிருந்து வருகிறது என்பது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. நம் பக்கத்தில் தேயிலை எஸ்டேட்டுகளில் கவாத்து வெட்டிப்போட்ட கிளைகளை எரிப்பார்கள். தொழிற்சாலைகளில் ஈர விறகைப் போட்டு உலையை மூட்டுவார்கள். குப்பை மேடுகள் தானாகப் பற்றிக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் புகையும். கேரளத்துப் பக்கம் காபித் தோட்டச் சருகு. கர்நாடகத்துப் பக்கம் அறுத்த வயல்களின் தாள். எல்லாம் சேர்ந்து மேலே எழுந்து, நடுவில் இருக்கும் காட்டின் மேல் வந்து தங்கிவிடும்.

இதைக் குறைக்க மூன்று மாநிலத்துக்கும் சேர்த்து ஒரு கூட்டுக் குழு போட்டார்கள். நம் பக்கத்துக்கு நான். கேரளத்திலிருந்து சுகுமாரன், சாந்தமான மனிதர், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கண்டிப்பானவர். கர்நாடகத்திலிருந்து மஞ்சுநாத், எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்து நம் சினிமா பார்த்தே தமிழ் கற்றவர், அதனால் சாதாரணப் பேச்சிலும் வசனம் வரும். எங்கள் மூவருக்கும் மேலே தலைமை வகிக்க எங்கள் மண்டல அதிகாரி. தன் மேசையில் எந்தக் கோப்பும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எங்கே போகிறது என்பது அவருக்கு அடுத்த கவலை.

கூட்டத்துக்கு ஆளுக்கொரு காற்று வரைபடத்தோடு வருவோம். சுகுமாரனின் படத்தில் காற்று எப்போதும் கிழக்கிலிருந்து வீசும். மஞ்சுநாத்தின் படத்தில் தெற்கிலிருந்து வீசும். என் படத்தில் மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வீசும், நம்மிடமிருந்து மட்டும் வீசவே வீசாது. மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் காட்டில் மரங்கள் எப்படி நிற்கின்றன என்றே ஆச்சரியமாக இருக்கும்.

இப்படி நடந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தில்தான் அந்தப் புகைப்படம் திரையில் வந்தது. நான் சொன்ன வளைவில், பள்ளத்தாக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்க ஒரு கேமரா வைத்திருந்தோம். தூரத்து மலைவிளிம்பு தெரிந்தால் காற்று நன்றாக இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. அன்றைய படத்தில் மலைவிளிம்பைக் காணோம், எங்கும் சாம்பல். எங்கள் அதிகாரியின் லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி அந்தச் சாம்பலில் எல்லாம் அலைந்துவிட்டு, படத்தின் கீழ் மூலையில் வந்து நின்றது.

"இது என்ன?"

"டீக்கடை சார்" என்றேன்.

"புகை வருதே?"

"டீ போடறாங்க சார்."

அவர் முகம் மலர்ந்தது. அந்த மூலையில் ஒரு தகரக் கூரையும் அதற்கு மேலே வளைந்து போகும் ஒரு புகையும் தெளிவாகத் தெரிந்தன. படத்தில் தெளிவாகத் தெரிந்தது அது மட்டும்தான். சுகுமாரன் எட்டிப் பார்த்தார், மஞ்சுநாத் எட்டிப் பார்த்தார். எந்த மாநிலத்துக்கும் வருத்தமில்லாத ஒரு குற்றவாளி கிடைத்தாயிற்று என்று அறையில் எல்லோருக்கும் புரிந்தது. அந்த அடுப்பை அணைத்தால் மூட்டம் போய்விடுமா சார் என்று கேட்டேன். "எங்கயாவது ஆரம்பிக்கணும் இல்லையா மேடம்?" என்றார். மூன்று மாநில அதிகாரிகளும் நேரில் போய்ப் பார்த்து, புகை வருவதை உறுதிசெய்து கையெழுத்திட்ட பிறகு கடையை அகற்றலாம் என்று தீர்மானம் ஆயிற்று. குழுவின் சரித்திரத்திலேயே மறுபேச்சில்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம்.

கடை பாக்கியத்தினுடையது. காரமடைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் எஸ்டேட் வேலையில் முட்டி தேய்ந்து உட்கார்ந்துவிட்டார், மகள் நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அந்த அடுப்பில்தான் குடும்பம் ஓடியது. அவளைப் பற்றி ரொம்ப உயர்வாக நினைத்துவிடாதீர்கள். லாரிக்காரர்களுக்கு ஒரு டீ, சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு டீ என்று போடுவாள், இரண்டாவதில் பால் எங்கேயோ தூரத்தில் இருக்கும். ஆனால் மைசூர் லாரி, கோழிக்கோடு லாரி, எஸ்டேட் ஜீப், அரசுப் பேருந்து எல்லாம் அவள் கடையில் நின்றுதான் போகும். அங்கே காலையில் சொன்ன செய்தி சாயங்காலத்துக்குள் மூன்று மாநிலத்திலும் இருக்கும்.

கடையை அகற்றும் நோட்டீஸை ஒட்டப் போனவர்களோடு நானும் போனேன். அவள் டீ ஆற்றுவதை நிறுத்தவே இல்லை.

"ஏனுங்க மேடம், அங்க மலையே பொகஞ்சு கெடக்குது. உங்க கண்ணுக்கு என்ற அடுப்புதானுங்களா தெரிஞ்சுது?"

"படத்தில் அதுதான் தெரிந்தது பாக்கியம்."

"அப்ப படத்தத் திருப்பி வெச்சு எடுங்க. இந்தக் கடைய எடுத்துப்போட்டா எங்க ஊட்ல ஒல கொதிக்காதுங்க. புள்ள படிப்பும் நின்னு போயிருமுங்க. அதையும் அந்த நோட்டீசுலயே எழுதி ஒட்டிருங்க."

எனக்குச் சுருக்கென்றது. டீயை வாங்கிக் குடித்தேன். சுற்றுலாக்காரர்களுக்கான டீயைக் கொடுத்தாள்.

முதல் கூட்டு ஆய்வுக்குத் தேதி குறித்து முறைப்படி எல்லோருக்கும் தெரிவித்தோம். அன்றைக்குப் போய்ப் பார்த்தால், அடடா, என்ன ஒரு காற்று! குப்பை மேடு தண்ணீர் லாரியில் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குப் போகும் வழியின் இரு பக்கமும் ப்ளீச்சிங் பவுடரால் நேர்க்கோடு போட்டிருந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் காய்ந்த விறகு மட்டும் எரிந்தது. மேனேஜர் புகைபோக்கிக்குப் புது வர்ணம் பூசி, வாசலில் நின்று எங்களுக்கு ஆளுக்கொரு தேயிலைப் பொட்டலம் கொடுத்தார். தூரத்து மலைவிளிம்பு துடைத்து வைத்த மாதிரி தெரிந்தது. பாக்கியமும் நேரம் பார்த்து அடுப்பை அணைத்துவிட்டு, வாழைப்பழமும் கலர் சோடாவும் விற்றுக்கொண்டிருந்தாள். மூட்டமும் இல்லை, அடுப்புப் புகையும் இல்லை, கையெழுத்துப் போட ஒன்றும் இல்லை. திரும்பி வந்தோம். மறுநாளே மூட்டமும் திரும்பி வந்தது.

அன்றைக்குத் திரும்புவதற்கு முன், ஆய்வு முடிந்த கையோடு பாக்கியம் கடை பெஞ்சில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். நான் சுகுமாரனைச் சீண்டினேன். "உங்கள் பக்கம் இன்றைக்கு ஒரு சருகுகூட எரியவில்லையே, என்ன மாயம்?"

அவர் வாழைப்பழத்தை உரிப்பதில் மும்முரமானார். "இன்ஸ்பெக்‌ஷன் ஆணு, கொஞ்சம் சூக்ஷிச்சு, ஜாக்கிரதையா இருங்கன்னு ஒரு போன் மாத்ரம் போட்டேன் மேடம்."

"நானும் ஒரே ஒரு போன்தான் மேடம்" என்றார் மஞ்சுநாத். "ஆனா அது நூறு போனுக்குச் சமம்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக்குப் போனே தேவைப்படவில்லை, எங்கள் ஓட்டுநரின் வாயே போதும் என்றேன். மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபோது எதிரே பள்ளத்தாக்கு பளிச்சென்று கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ குறுகுறுத்தது.

"நாம் வருகிறோம் என்றால் அணைக்கிறார்கள். வந்துவிட்டுப் போனதும் பற்ற வைப்பார்கள். அப்படியானால் கெடுதல் எதில் இருக்கிறது? நாம் வந்துவிட்டுப் போவதில்தானே?"

"வராம எப்படி மேடம் இன்ஸ்பெக்‌ஷன் செய்யறது?" என்றார் சுகுமாரன்.

"வருவோம் என்று சொல்வோம்."

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் உண்மையாகவே தேதி குறித்தோம். எந்தத் தேதியைக் குறிப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் காட்டினோம். யுகாதிக்கு முன்னால் மஞ்சுநாத்துக்கு வண்டி கிடைக்காது. விஷுவை ஒட்டி சுகுமாரன் ஊரில் இருக்க மாட்டார். ஊட்டியில் ஒரு பெரிய மனிதர் ஓய்வெடுக்க வந்தால் எங்கள் ஜீப்பெல்லாம் அவர் பின்னால் போய்விடும். இப்படிப்பட்ட நாளாகப் பார்த்துத் தேதி போடுவோம், கடைசி நேரத்தில் "நிர்வாகக் காரணங்களால் ஆய்வு ஒத்திவைக்கப்படுகிறது, புதிய தேதி விரைவில் தெரிவிக்கப்படும்" என்று அனுப்புவோம். அரசாங்கத்தில் இதைவிட இயல்பாக ஒலிக்கும் வாக்கியம் கிடையாது, அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தீர்மானப்படி நாங்கள் போய்க் கையெழுத்துப் போடாதவரை பாக்கியத்தின் கடையையும் தொட முடியாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்கு உள்ளூரக் கர்வம்.

தேதியைப் பாக்கியத்தின் காதில் போட்டுவிட்டுப் போவேன். அவள் அதை அப்படியே சொல்ல மாட்டாள். டெல்லியிலிருந்து வருகிறார்கள், மேலேயிருந்து விமானத்தில் பார்க்கிறார்கள் என்று அவளாகச் சேர்த்துக்கொள்வாள். மூன்று மாநில லாரிகளும் அதை ஏற்றிக்கொண்டு போகும்.

அந்தக் கோடை முழுவதும் மலை எங்களை எதிர்பார்த்தே இருந்தது. எரிக்க முடியாமல் குவிந்த கவாத்துக் கிளைகளை எஸ்டேட்டுகளில் வேறு வழியின்றி மக்கப் போட்டார்கள். குப்பையைப் பிரித்துக் கீழே அனுப்பத் தொடங்கினார்கள். காய்ந்த விறகில் வேலை சீக்கிரம் முடிகிறது என்று தொழிற்சாலை மேனேஜர் தானே கண்டுபிடித்து, என்னிடமே வந்து விளக்கினார். வருஷக்கணக்காக அதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான், ஆனாலும் வியப்போடு கேட்டுக்கொண்டேன். கடைசியில் அவரே ஒருநாள் போன் செய்து கெஞ்சினார். "மேடம், தயவு பண்ணி ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயிருங்க. பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கறன், அன்னைக்கும் நீங்க வந்துருவீங்களோன்னு சமையல்காரனுக்கு இன்னும் சொல்லாம வெச்சிருக்கறனுங்க."

தூரத்து மலைவிளிம்பு நாள் தவறாமல் தெரிந்தது. பனியைக் காணோமே என்று சுற்றுலாக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த வளைவில் நடந்தேன்.

கர்வத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. எங்களுக்குப் பயந்து அடுப்பை அணைத்தவர்களில் பாக்கியமும் ஒருத்தி. ஒத்திப்போடுவோம் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளிடம் சொன்னால் லாரிகளிடமும் சொன்னதாகிவிடும் என்பதால் நானும் சொல்லவில்லை. பகலெல்லாம் அவள் அடுப்பு சாம்பலாகவே கிடந்தது, இருட்டில் போடும் டீ மட்டும்தான் மிச்சம்.

"வருவாங்க வருவாங்கன்னு அணச்சு வெச்சே ஏவாரம் படுத்துப்போச்சுங்க" என்றாள் ஒருநாள். "டீ இல்லாட்டி லாரிக்காரன் எதுக்குங்க நிக்கறான்? என்ற மூஞ்சியப் பாக்கவா?"

அதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. குரலில் குதூகலம்.

"மேடம், கேமரா படமெல்லாம் பார்த்தேன். மூட்டமே இல்லை! நான் அன்னைக்கே சொன்னேன்ல? நோட்டீஸ் ஒட்டினோம், அடுப்பு அணைஞ்சுது, காத்து சுத்தமாயிடுச்சு. படத்துல அந்த மூலைல புகையும் இல்லை, மேல மூட்டமும் இல்லை. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

 நான் இழுத்து மூடிய அத்தனை புகையும் இப்போது ஒரு டீக்கடையின் கணக்கில் போய் விழுந்திருந்தது. வேறு காரணங்கள் இருக்கின்றன சார் என்று தொடங்கினேன். என்ன காரணம் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? நாங்கள் போகாததுதான் காரணம் என்றா?

"ஒண்ணும் சொல்லாதீங்க. இந்த நல்ல காரியத்தை முழுசா முடிச்சிடுவோம். நானே வர்றேன். ஜேசிபிக்குச் சொல்லியாச்சு. தள்ளிப்போடறதுக்கு இடமே இல்லை. அந்த ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க, அங்கேயே கையெழுத்து, அங்கேயே வேலை."

கேட்டுக்கொள்ளுங்கள் பிள்ளைகளே, நம் வேலையில் கஷ்டமான இடம் இதுதான். தவறான முடிவோடு வருகிற மேலதிகாரியை வாதம் செய்து திருப்ப முடியாது. கையில் படம் வேறு வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அவர் கண்ணாலேயே அவருக்குக் காட்ட வேண்டும். அன்றிரவு நெடுநேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மூட்டத்துக்கு அந்த அடுப்பு காரணமில்லை என்று காட்ட ஒரே வழி, மற்ற எல்லாம் அணைந்திருக்கும்போது அந்த அடுப்பு மட்டும் எரிய வேண்டும். அதுவும் கடையை இடிக்க வருகிறவர் கண்முன்னால்.

காலையில் அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். பாக்கியம் அடுப்பைத் துடைத்துக் கோலம் போட்டு வைத்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். புருஷனும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். சாமான்களை எல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். எதிரே, நான் எதிர்பார்த்தபடியே, பள்ளத்தாக்கு முழுவதும் எங்களுக்குப் பயந்து மூச்சடக்கிக் கிடந்தது.

"பாக்கியம், அடுப்பைப் பற்ற வை."

"என்னங்க?"

"பற்ற வை. நன்றாகப் புகை வர வேண்டும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொகை வருதுன்னு கையெழுத்துப் போட்டாத்தான கடைய எடுக்க முடியும்? நீங்களே மாட்டிவிடப் பாக்கறீங்களாங்க?"

அணைந்த அடுப்பையே இப்போது ஆதாரம் என்கிறார் அதிகாரி, ஆனால் மற்றவர்களின் புகைதான் மூட்டம், இன்று அவையெல்லாம் அணைந்திருக்கின்றன, உன் அடுப்பு எரிந்தும் காற்று சுத்தமாக இருந்தால் பழி உன்மேல் நிற்காது என்று சொன்னேன். அவசரத்தில் நன்றாகச் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

"அங்க எவனாவது ஒருத்தன் பத்த வெச்சுட்டான்னா?"

"மூட்டம் தெரியும். கடை போய்விடும்."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒன்றும் ஆகாது. உனக்குத்தான் போகும்."

 கீழே வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. அவள் புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் கையமர்த்தினாள்.

"உங்களுக்கும் ஏதோ போயிரும்னு கத உட்டிருந்தீங்கன்னா பத்த வெச்சிருக்க மாட்டனுங்க" என்றாள். "ஒன்னும் ஆகாதுன்னு உள்ளதச் சொன்னீங்க பாருங்க." கோலத்தைக் காலால் தள்ளிவிட்டு விறகை அடுக்கினாள். ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. 

எங்கள் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கும்போது தகரக் கூரைக்கு மேலே புகை தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஜேசிபி வந்து நின்றது. சுகுமாரனும் மஞ்சுநாத்தும் இன்னொரு ஜீப்பில் வந்து என்னைத் திகிலோடு பார்த்தார்கள்.

"பாருங்க, பாருங்க!" என்றார் அதிகாரி. "நாம வர்றோம்னு தெரிஞ்சும் எரியுது! என்ன தைரியம்!"

"ஆமாம் சார், நன்றாக எரிகிறது" என்றேன். "இப்போது இந்தப் பக்கம் பாருங்கள் சார்."

அவர் திரும்பினார். காடு அடிமுதல் நுனிவரை தெரிந்தது. அதற்கப்பால் தூரத்து மலைவிளிம்பு, ஒரு கோடு விடாமல். அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மறுபடி பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

"அடுப்பு எரிகிறது சார்" என்றேன். "மூட்டத்தைக் காணோம்."

"இப்பத்தானே பத்த வெச்சிருக்காங்க. போகப் போக வரும்."

"இருந்து பார்ப்போம் சார்."

பெஞ்சில் உட்கார்ந்தோம். பாக்கியம் எல்லோருக்கும் லாரிக்காரர்களின் டீயைப் போட்டாள், ஜேசிபி ஓட்டுநருக்கும் சேர்த்து. அப்போதுதான் எனக்கு உயிர் போயிற்று. கேரளத்துப் பக்கச் சரிவில் ஒரு புகை எழுந்தது. முதலில் மெல்லியதாக, பிறகு பருத்து, பின்னால் இருந்த மலைவிளிம்பை மெதுவாக அழித்துக்கொண்டு போயிற்று. பாக்கியமும் பார்த்துவிட்டாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"வருது பாருங்க, மூட்டம்!" என்று அதிகாரி எழுந்தார்.

சுகுமாரன் என்ன மனிதர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். அவர் மாநிலத்து மானம் அது. முகம் சிவக்க எழுந்து, "அது எங்களோடது சார், ஒரு நிமிஷம்" என்று எங்கள் முன்னாலேயே போனை எடுத்தார். அவ்வளவு சாந்தமான மனிதர் வாயிலிருந்து மலையாளத்தில் அவ்வளவு சூடான சொற்கள் வரும் என்று நான் நினைத்ததில்லை. போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.  டீ ஆறியது. சரிவில் புகை மெலிந்தது, இழையாயிற்று, நின்றது. மலைவிளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. இத்தனைக்கும் பாக்கியத்தின் அடுப்பு எங்கள் முதுகுக்குப் பின்னால் படபடவென்று எரிந்துகொண்டே இருந்தது.

எங்கள் அதிகாரி வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார். "இதுல இஞ்சி போட்டிருக்காங்களா?" என்றார்.

"ஆமாமுங்க சார். இன்னொரு டீ போடட்டுங்களா?"

"போடுங்க" என்றவர், என் பக்கம் திரும்பாமலே, "அந்தத் தீர்மானத்துல ஒரு சின்னத் திருத்தம் பண்ணிடலாம் மேடம்" என்றார். வந்த ஜேசிபியை வெறுமனே அனுப்ப மனமில்லாமல், எதிரே அடைத்துக் கிடந்த சாலையோர வாய்க்காலைத் தூர்வாரச் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். கண்ணால் பார்த்ததை ஒப்புக்கொண்டாரே, அதற்கும் மனசு வேண்டும்.

அதன் பிறகு நடந்த கூட்டத்தில் டீக்கடையைத் தீர்மானத்திலிருந்து அடித்துவிட்டு, ஆய்வு நாளில் செய்வதை எல்லா நாளும் செய்ய வேண்டும் என்று மூன்று பக்கமும் எழுதிக் கொடுத்தோம். முடியாது என்று எந்த எஸ்டேட்டாலும் எந்த ஊராட்சியாலும் சொல்ல முடியவில்லை, ஒரு கோடை முழுக்கச் செய்து காட்டியிருந்தார்களே! யார் பக்கம் புகை எழுந்தாலும் மற்ற இருவரும் நேராக அவரைக் கூப்பிடுவது என்றும் ஆயிற்று. அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். மூட்டம் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது. எந்த மேசையிலாவது எல்லோரும் உடனே ஒத்துப்போனால், அந்த மேசையில் உட்கார இடமில்லாத யார் தலையில் அது விழுகிறது என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது அவ்வளவுதான்.

பாக்கியத்தின் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. மழைக்காலம் முடிந்து ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது கடையில் இறங்கினேன். விறகடுப்பைக் காணோம். அந்த இடத்தில் கேஸ் அடுப்பு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"என்ன பாக்கியம் இது? இந்த அடுப்புக்காகவா நான் அன்றைக்கு அந்தப் பாடு பட்டேன்?"

அவள் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தாள்.

"எனக்கும் பொகையில கண்ணு எரிஞ்சுட்டேதானுங்க இருந்துச்சு. ஆனா நீங்க ஊரு பழியெல்லாம் என்ற தலைல போட்டு அணைன்னீங்க, அதுக்காவ அடுப்ப மாத்த மாட்டேன்னு நின்னனுங்க. இப்பப் பழி இல்லீங்களே, மாத்திட்டேன்."